துணி சும்மா கிடக்க வேண்டிய ஒரு நாள்

எனக்கு உட்கார வராது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்த வருடங்களில் என் நாற்காலி கடைசிவரை புதிதாகவே இருந்தது. காலையில் சாயப்பட்டறை, அங்கிருந்து பிரிண்டிங், மறுபடி கம்பெனி. வண்டியை நிறுத்தாமலே உத்தரவு போடுவேன். யாராவது பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தெருமுனை தாண்டியிருப்பேன். இதற்குச் சுறுசுறுப்பு என்று நானே பெயர் வைத்திருந்தேன்.

பனியன் துணி மிஷினில் இழுபட்டு, ரோலாகச் சுற்றி வரும். வந்த கையோடு வெட்டக் கூடாது. ரோலைப் பிரித்து ஒரு நாள் சும்மா போட்டுவைத்தால்தான் இழுப்பு விட்டுச் சுருங்கித் தன் அளவுக்கு வந்து நிற்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் துணி சும்மா கிடப்பதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு எரியும்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் காங்கேயம் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். ஒருமுறை நான் அவசரப்படுத்தியபோது, “ஒரு நாள் பொறுத்துக்கலாமுங்க சார்” என்றார். அத்தனை டெய்லர்களும் பார்க்க, “மேனேஜர் நானா நீங்களா?” என்று கத்தினேன். கத்தினாலும் அந்தத் தடவை ஒரு நாள் விட்டுத்தான் வெட்டினோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதெல்லாம் “சரிங்க” மட்டும்தான். எனக்கு அது வசதியாக இருந்தது.

அடுத்த மாதம் ஒரு பெரிய ஆர்டர். ஷிப்மெண்டுக்குப் பத்து நாள்கூட இல்லை. துணி வந்து இறங்கும்போதே மாஸ்டரிடம், “இன்னைக்கே வெட்டி முடிச்சிரணும்” என்றேன். அவர் துணியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். “சரிங்க” என்றார். நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

தைத்து முடித்த பனியன்களைச் செக்கிங் பெண்கள் டேப் வைத்து அளந்தார்கள். நெஞ்சளவு, உயரம் எல்லாமே குறைவு. எந்தக் கட்டைப் பிரித்தாலும் அதே கதை.

முதலாளி எங்கள் இருவரையும் மாடிக்குக் கூப்பிட்டார். “ஏனுங்க மாஸ்டர், இத்தன வருசமா வெட்டறீங்க. துணியப் போட்டுவெக்கோணும்னு உங்களுக்குச் சொல்லித் தரோணுங்களா?”

மாஸ்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தப்பு நடந்துபோச்சுங்க” என்றார்.

“நாளையிலருந்து வேற ஆளப் பாத்துக்கறனுங்க” என்றார் முதலாளி.

நான் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் கேட்கிற மாதிரி கத்துகிற வாய். மாஸ்டர் முன்னால் இறங்க, நானும் பின்னால் இறங்கினேன். பாதிப் படியில் அவர் சட்டை முதுகு முழுக்க வியர்த்திருப்பதைப் பார்த்தேன். அசிங்கமாக இருந்தது, என்னை நினைத்து. திரும்பி மேலே ஓடினேன். “நான்தான் வெட்டச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசாதபடி முன்னாடியே வாயை அடைச்சதும் நான்தான்” என்றேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அவரப் போயி வேலையப் பாக்கச் சொல்லுங்க” என்றார். மிஷினில் புதிதாகத் துணி ஓட்டித் தைத்தோம். கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது.

மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாலீங்க” என்றார். அதோடு பழைய “சரிங்க” திரும்பி வந்துவிட்டது. “உங்களுக்கு எப்படித் தோணுது?” என்று கேட்டால், “நீங்க சொன்னாச் சரிங்க.” திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. மறுபடி ஒரு துணி கெட்டுப்போகப் போகிறது, அதையும் இவர் சொல்லப்போவதில்லை என்று எனக்கு உள்ளூர உதறல்.

அப்புறம் ஒரு நாள் மதியம். மறுபடி அவசர ஆர்டர், கட்டிங் டேபிளில் அப்போதுதான் பிரித்துப் போட்ட துணி. வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லோர் முன்னாலும் கேட்டேன். “மாஸ்டர், இன்னைக்கு வெட்டலாமா?”

அவர் துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டுப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“இல்லீங்க. நாளைக்குத்தானுங்க.”

டெய்லர்கள் அத்தனை பேரும் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குள் கொதித்தது, பொய் சொல்லவில்லை. பையில் செல்போன் வேறு அடித்துக்கொண்டிருந்தது.

“சரிங்க மாஸ்டர்” என்றேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.