கணுக்காலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

எங்கள் அலுவலக விளையாட்டு தினத்தில், நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஐந்து பேர் சேர்ந்தால்தான் ஓட்டம் உண்டு என்றார்கள். ஐந்தாவது பெயர் என்னுடையது. அதை நான் கொடுக்கவில்லை, பக்கத்து மேசைக்காரி கொடுத்தாள்.

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அதற்குமுன் கடைசியாக நான் ஓடியது கரமனையில் ஒரு பஸ்ஸைப் பிடிக்க. அது நின்றுகொண்டிருந்த பஸ்.

விசில் ஊதினார்கள். பாதி தூரம் வரை நான் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். இதை எனக்கே நம்ப முடியவில்லை. அப்போதுதான் யாரோ என் இடது தொடையின் பின்பக்கத்தில் கல்லால் அடித்தார்கள். நான் நின்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் தபால் பிரிவுக்காரி ஓடி வந்துகொண்டிருந்தாள். "எந்து பற்றி சேச்சீ?" என்று, என்ன ஆச்சென மலையாளத்தில் கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். அவள் கையில் கல் இல்லை. இருந்தாலும் ஆட்டோவில் வீடு போய்ச் சேரும்வரை எனக்கு அவள்மேல்தான் சந்தேகம்.

எங்கள் வீடு கரமனை அக்ரஹாரத் தெருவில். மகள் பெங்களூரில் வேலை பார்ப்பதால் வீட்டில் நானும் என் கணவரும்தான். அவர் சர்வே அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருக்கிறார். நாள் முழுவதும் குனிந்து கோடு பார்க்கிற வேலை. அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. நான் நொண்டிக்கொண்டு உள்ளே வந்ததைப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "செரி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் தொடை கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. கிள்ளிப்பாலத்தில் ஒரு மாடியில் இருக்கும் பிசியோதெரபி இடத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாறசாலைக்காரி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். என்னைக் குப்புறப் படுக்கவைத்து, என் குதிகாலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, முட்டிய மடக்குங்க."

"மடக்கிண்டுதானே இருக்கேன்."

"இதுவா?" என்றாள். அடிபடாத வலது காலையும் அதேபோல் பிடித்துப் பார்த்தாள். அதுவும் அவள் இரண்டு விரலை மீறவில்லை.

"ஹாம்ஸ்ட்ரிங், பின்தொடைத் தசை, அதுல கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, அது ஆறிரும். ஆனா கேட்டீங்களா ஆன்ட்டி, தொடையில முன்பக்கம் நல்ல பலம் உண்டு. பின்பக்கம் ஒண்ணும் கிடையாது. ரெண்டு கால்லயும்."

"எப்படி அப்படி ஆகும்?"

"ஆபீஸ்ல எத்தன வருஷம்?"

"இருபத்தாறு."

"இருபத்தாறு வருஷமா நீங்க அதுக்க மேலதான் உக்காந்திருக்கீங்க" என்றாள்.

முதல் மாதம் எல்லாம் படுத்துக்கொண்டு செய்கிற பயிற்சிகள். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, குதிகாலில் ரப்பர் பட்டையை மாட்டி இழுப்பது. அலுவலகத்திலிருந்து வந்து காபி குடித்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துச் செய்வேன். இதில் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆறாவது வாரம் அந்தப் பெண், "இனி நோர்டிக் தொடங்கலாம்" என்றாள்.

நோர்டிக் என்றால் இதுதான். தலையணைமேல் முட்டி போட்டு நிற்க வேண்டும். பின்னால் ஒருவர் நம் இரண்டு கணுக்காலையும் தரையோடு அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாம் முதுகை வளைக்காமல் ஒரு பலகை சாய்வதுபோல மெல்ல முன்னால் சாய வேண்டும். விழாமல் தாங்குவது தொடையின் பின்தசை. அந்தத் தசையால் முடியாமல் போகும்போது உள்ளங்கையை ஊன்றிக்கொள்ளலாம்.

"வீட்டுல காலப் பிடிக்க யாரு உண்டு?"

"அவர் இருக்கார்."

"அங்கிள் எத்தர கிலோ?"

கல்யாணமாகி இருபத்துநான்கு வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. "ஐம்பத்தாறு" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் எழுபத்திரண்டு.

"நல்லா அமுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அவர் எதிரில் போய் நின்று, "இனிமேல் ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்க என் காலைப் பிடிக்கணும்" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். "நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

முதல்நாள் நான் முன்னால் சாய்ந்தேன். என் கால் தரையிலிருந்து எழும்பியது, அதோடு அவரும் எழும்பினார். நான் முகம் குப்புற விழுந்தேன், அவர் என் முதுகில் விழுந்தார். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம். அவர் வரைபடக்காரர் என்பதால் எழுந்ததும் யோசித்தார். மறுமுறை என் கணுக்காலின்மேல் ஒரு தலையணையைப் போட்டு, அதன்மேல் தானே உட்கார்ந்து, மடியில் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டார். அதன்பிறகு கால் எழும்பவில்லை. "ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்தார்.

இரண்டாவது வாரம் நாங்கள் இப்படி இருக்கும்போது அடுத்த வீட்டு மாமி கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்துவிட்டாள். முட்டி போட்ட நான், என் காலின்மேல் அவர், அவர் மடியில் அரிசி. "என்னடீ இது?" என்றாள். "ஏதாவது வேண்டுதலா?" நான் பாதி சாய்ந்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. மாமி வாசல் பக்கம், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவரையே மூன்று தடவை கேட்டாள். அவர் திரும்பாமல், "மூணு, நாலு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். மாமி கறிவேப்பிலை வாங்காமலே போய்விட்டாள். இந்த மனுஷருக்கு எவ்வளவு நிதானம் என்று அன்றைக்கு நான் மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், சாய்ந்துகொண்டிருக்கும்போது வலது தொடையின் பின்பக்கத்தில் தசை சுருட்டிப் பிடித்தது. அனுபவித்தவர்களுக்குத்தான் அது தெரியும். "விடுங்கோ, விடுங்கோ!" என்றேன். அவர் விடவில்லை. நான் துடிப்பதைப் பார்த்து, கால் எழும்புகிறது என்று நினைத்து இன்னும் நன்றாக அமுக்கினார். "நாலு" என்றார். நான் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். ஒருவழியாகப் புரண்டு அவர் பக்கம் திரும்பியதும், "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"விடச் சொன்னேனே!"

"எப்போ?"

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் வழக்கம்போல ஆபீஸ் போனார், வந்தார், ஒலியை அடைத்துவிட்டு டிவியில் கிரிக்கெட் பார்த்தார். கமெண்டரிக்காரர்கள் தொந்தரவு என்று வெகுநாளாகவே அப்படித்தான் பார்ப்பார். நான் பேசாமல் இருப்பது அவருக்கு ஒரு மாறுதலாகவே தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது எனக்கு இது உறைத்தது. தேய்ப்பதை நிறுத்தினேன்.

அன்று சாயங்காலம் ஒன்றும் சொல்லாமல் தலையணைமேல் முட்டி போட்டேன். அவர் பின்னால் வந்து உட்கார்ந்தார். எனக்கு எதிரில் சுவர்தான். சாய்ந்து எழுந்துவிட்டு, சாதாரணக் குரலில், "கேஸ் தீர்ந்துபோச்சு" என்றேன்.

"ஒண்ணு."

"நாளைக்கு உங்க அக்கா வரா. ஒரு மாசம் இருக்கப்போறாளாம்."

"ரெண்டு."

அவருடைய அக்கா வருகிறாள் என்று கேட்டபிறகும் எண்ணிக்கொண்டிருக்கக்கூடிய மனிதர் இல்லை அவர். கொஞ்சம் குரலை உயர்த்தி, "நான் பேசறது கேக்கறதா?" என்றேன்.

"மூணு" என்றார். "முதுகு வளையறது, பார்த்துக்கோ."

நான்காவதற்கு நான் சாயவில்லை. சுவரைப் பார்த்தபடியே முட்டி போட்டிருந்தேன். "ஏன் நின்னுட்டே? இன்னும் ரெண்டு உண்டே" என்றார். காலை உருவிக்கொண்டு திரும்பி, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளா உங்களுக்குக் காது கேக்கலை?"

அவர் முதலில் அரிசிப் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு, "ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார். "சுத்தமாக் கேக்காமல்லாம் இல்லை. காதுகிட்ட வந்து பேசினாக் கேக்கும். முகத்தைப் பார்த்தா என்ன சொல்றான்னு புரிஞ்சுடும்."

"ஏன் எங்கிட்டே சொல்லலை?"

"நீ கேக்கலையே."

"நான் ரெண்டு வருஷமாக் கேட்டுண்டுதான் இருந்திருக்கேன். நீங்கதான் கேக்கலை."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் செரிதான்" என்றார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கும் ஐம்பது தாண்டியதும் காது போயிற்றாம். அதற்கப்புறம் வீட்டில் அவரிடம் யாரும் பேசியதில்லை, எல்லாரும் கத்தினார்கள். குளிக்க வெந்நீர் வேண்டுமா என்று கேட்பது தெருக்கோடி வரை கேட்குமாம். "எனக்கு அந்தக் கத்தல் வேண்டாம்னு தோணித்து, அவ்வளவுதான்" என்றார்.

நான் கத்தவில்லை. கத்தினாலும் என்ன பிரயோஜனம்.

அன்று ராத்திரி சமைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மகள் போன் செய்தால் "அம்மாகிட்டே பேசு" என்று உடனே என்னிடம் கொடுத்துவிடுவார். மாமி வந்த அன்றைய நிதானம் எது என்று புரிந்தது. எல்லாவற்றையும்விட இன்னொன்று. சாப்பிடும்போது எனக்கு எதிரில்தான் உட்காருவார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். ஒருமுறை லீவுக்கு வந்த மகள், "அப்பா இப்பவும் உன்னை எப்படிப் பார்க்கறார் பாரு" என்று கேலி செய்தாள். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, படித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு வருஷம் ஒரு மனிதர் என் வாயை விடாமல் படித்திருக்கிறார். நானோ முக்கால்வாசி நேரம் வாயில் சாதத்தை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறேன். அடுப்பை அணைத்தேன்.

அந்த வாரமே காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒரு கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அவர் மிக நன்றாக அமுக்கினார். பரிசோதனை செய்த பெண்மணி தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சத்தம் அனுப்பப் பொத்தானை அமுக்கும் தன் கையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். அதற்குப் பிறகு பட்டன் வெகுநேரம் சும்மா இருந்தது.

இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. முதல் நாள் சமையலறை வாசலில் வந்து நின்று, "இந்தச் சத்தம் எப்பவுமே உண்டா?" என்று கேட்டார். பிரிட்ஜ். "உண்டு" என்றேன். என் செருப்பு தேய்கிறது என்றார், குழாய் சொட்டுகிறது என்றார். நான் பாத்திரம் தேய்க்கும்போது அவருடைய குடும்பத்தைப் பற்றித் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சில விஷயங்களை அன்றோடு நிறுத்த வேண்டியதாயிற்று.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன்.

"இங்க பார்த்துச் சாப்பிடுங்கோ" என்றேன்.

"இப்போதான் கேக்கறதே."

"கேக்கட்டும். இருந்தாலும்."

நிமிர்ந்து பார்த்தார். சும்மா பார்க்கச் சொன்னதில் இரண்டு பேருக்கும் கூச்சமாகிவிட்டது. அவர் ரசம் வேண்டும் என்றார், நான் எழுந்து போனேன்.

பயிற்சியை நிறுத்தவில்லை. வேண்டாம் என்றால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம், மெஷின் இருந்தாலும். பேச்சும் வளர்ந்தது. அவர் பின்னால் இருந்து ஆபீஸ் விஷயம் சொல்வார், நான் சாய்ந்துகொண்டே கேட்பேன். பலமுறை எண்ணிக்கை தப்பிப்போய் ஐந்துக்குப் பதில் எட்டு செய்திருக்கிறேன். முதலில் சாய ஆரம்பித்ததுமே விழுந்தவள், மூன்று மாதம் முடியும்போது தரைக்கு ஒரு சாண் இருக்கும்வரை மெல்ல இறங்கினேன்.

கிள்ளிப்பாலத்தில் அந்தப் பெண் மறுபடி குப்புறப் படுக்கவைத்து இடது குதிகாலைப் பிடித்தாள். இரண்டு விரல் போதவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டாள். "அய்யோ ஆன்ட்டி, மதி, மதி, போதும்" என்றாள். நான் விடுவதற்குக் கொஞ்சம் தாமதித்தேன் என்பது உண்மைதான்.

"இனி நீங்க வரவேண்டாம்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட வந்திருந்த என் கணவர் சட்டைப்பையிலிருந்து மடித்த வரைபடத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். வாராவாரம் இன்ச் டேப் வைத்து என் இரண்டு தொடையையும் அளந்திருந்தார். எனக்கு அது தெரியும், ஆனால் அதைக் கோடு போட்டு வரைந்து வைத்திருப்பது தெரியாது. இடது காலின் கோடு ஏறிக்கொண்டே போயிருந்தது. வலது காலின் கோடு பாதியில் படுத்துவிட்டது.

"மூணு மாசமாப் பின்னாடி உட்கார்ந்து பார்த்திண்டிருக்கேன்" என்றார் அவளிடம். "எல்லாப் பாரத்தையும் இடது காலே வாங்கிக்கறது. வலது சும்மா கூட வரதாக்கும்."

அவள் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். என் வலது குதிகாலை மறுபடி பிடித்துப் பார்த்தாள்.

"அங்கிள் சொல்றது சரிதான்" என்றாள். "வலது காலுக்கு இன்னும் ஆறு வாரம்."

அவர் தாளை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.