இரண்டாம் அணியின் கொப்பி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பயிற்சியாளரின் குசினி மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, இன்னார் மேலே போகலாம், இன்னார் போகக்கூடாது என்று சொல்லுகிற வேலை எனக்கு நாலு வருஷம் இருந்தது. சம்பளம் கிடையாது. ஒரு கோப்பை தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் தருவார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்ணில் எங்கள் ஹொக்கிக் கழகத்துக்கு மூன்று அணிகள் இருந்தன. முதல் அணி விளையாடினால் பார்க்க ஆட்கள் வருவார்கள். இரண்டாம், மூன்றாம் அணிகளைப் பார்க்க வருவது விளையாடுகிறவர்களின் காதலிகளும் நானும்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கும், பிறகு கொழும்பில் ஒரு கழகத்துக்கும் விளையாடினவன். இங்கே வந்து ஒரு அலுவலகத்தில் பாலங்களுக்குப் படம் வரைகிற வேலையிலும், விளையாட இந்தக் கழகத்திலும் சேர்ந்தேன். வந்த இரண்டாம் குளிர்காலமே முழங்கால் போய்விட்டது. மட்டையை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு வீட்டில் எல்லாரோடும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். எல்லாரும் என்றால் என் மனைவி ஒருத்திதான். பயிற்சியாளர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "உனக்குக் கண் நல்லது. கீழ் அணிகளைப் பார்த்து எழுது. யார் வளர்கிறான் என்று எனக்குத் தெரியவேண்டும்" என்று ஒரு கொப்பியைத் தந்தார். அவர் போனபிறகு மனைவி, "இனியாவது சனிக்கிழமைகளில் எனக்கு நிம்மதி" என்றாள்.

கொப்பியில் ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பக்கத்தில் ஒரு வரி. பந்தை எப்படி நிறுத்துகிறான், தோற்கிற நேரத்திலும் ஓடுகிறானா, நடுவரோடு வாய் காட்டுகிறானா என்பதெல்லாம் எழுதுவேன். வரியின் முடிவில் ஒரேயொரு சொல், ‘தயார்’ அல்லது ‘பொறுக்கலாம்’. முதல் அணியில் இடம் ஒன்று காலியானால் பயிற்சியாளர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து அந்தக் கடைசிச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழே வாசிப்பார். மற்றதெல்லாம் நான் என் மனத் திருப்திக்கு எழுதினது என்றுதான் நினைக்கிறேன்.

முதல் வருஷம் பம்பாயிலிருந்து வந்த ஒரு பல்வைத்திய மாணவனுக்கு மூன்று வாரம் தொடர்ந்து ‘தயார்’ போட்டேன். நாலாம் வாரம், அந்த மேசையைச் சுற்றி இருக்கும் தெரிவுக் குழுவில் ஒரு வெள்ளைக்காரர், "இப்படியே விட்டால் அடுத்த வருஷம் இந்தக் கழகத்தில் நாங்கள்தான் வெளிநாட்டுக்காரர்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. என் முழங்கால் போனபோது மூன்று மாதம் தன் காரில் என்னை வேலைக்கு ஏற்றி இறக்கினவர். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குள்ளே போய்க் குந்திவிட்டது. இனி நம் நிறத்து ஆள் என்றால் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசித்துத்தான் எழுதுவது என்று முடிவு கட்டினேன். அதற்கு நேர்மை என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் அவன் வந்தான். மலேசியாக்காரன். இருபத்திரண்டு வயது. இங்கே தொழில்நுட்பக் கல்லூரியில் கடைசி வருஷம். தகப்பன் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் ஆலையில் வேலை செய்தார். இரண்டாம் அணியில் அவன் லெஃப்ட் ஹாஃப், அதாவது எதிரணியின் வலது பக்கத்தால் ஓடி வருகிறவனை மறித்துப் பந்தைப் பறித்து முன்னுக்குத் தருகிறவன். முதல் நாளே என்னிடம் வந்து, "அண்ணே தமிழா?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு அதுதான்.

"ஓம்னு சொல்லி நிறுத்திட்டீங்களே, நமச்சிவாய எங்கண்ணே?" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்தக் காலத்தில் தேங்காய் எங்கே கிடைத்தது? பைக்கற்றில் வரும் காய்ந்த தேங்காய்த் துருவலைச் சுடுபாலில் ஊறப்போட்டு மனைவி சம்பல் இடிப்பாள். அவன் குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக் கொடுப்பான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் அவனுக்கு மீன் பொரியலில் நடுத்துண்டைத் தேடிப் போடுவதை நான் கவனித்திருக்கிறேன்.

ஒருநாள் காரில் வரும்போது அவன் தன் கணக்கைச் சொன்னான். படிப்பு முடிந்தால் விசாவும் முடிந்துவிடும், தை மாதத்துக்குள் ஊர் திரும்பவேண்டும். வேலை தருகிறேன் என்று யாராவது குடிவரவு அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தால் இங்கே இருக்க விண்ணப்பிக்கலாம். எங்கள் கழகத் தலைவர் குளிர்ப்பெட்டி செய்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்று வைத்திருந்தார். முதல் அணியில் விளையாடுகிறவனுக்கு வேலை இல்லை என்றால் அவர் எடுத்துக்கொள்வார். கடிதமும் கொடுப்பார். இரண்டாம் அணி ஆட்களின் பெயரே அவருக்குத் தெரியாது. இது எங்கள் கழகத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

"மெயின் டீம்ல ஏறிட்டா அந்தப் பெரியவரு லெட்டர் குடுத்துருவாருண்ணே. இல்லாட்டி ஊருக்குப் போயி அப்பா கூட ஆலையிலதான் நிக்கணும். படிச்சிட்டுப் போனாலும் அங்க தமிழனுக்கு யாரு நல்ல வேலை குடுக்கப் போறா?"

"பாப்பம் தம்பி" என்றேன்.

"நீங்க இருக்கீங்கல்ல. எனக்குப் பயமில்லண்ணே."

அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ நான் அவனுக்குக் கடமைப்பட்டவன் என்கிற மாதிரி எனக்குக் கேட்டது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளரும் மற்றவர்களும் அவனைப் பற்றிப் பேசும்போது ‘உன் ஊர்க்காரன்’ என்பார்கள். எனக்குச் சுருக்கென்று குத்தும். நான் யாழ்ப்பாணம், பெயர்போன பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் மலாயாத் தோட்டத்துப் பிள்ளை. இந்த வித்தியாசம் அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று மனசுக்குள் புகைவேன். அவன் என் வீட்டில் உட்கார்ந்து என் மனைவியின் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலும் எனக்குள் இந்தப் புகை இருந்தது. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஆனி மாதக் கடைசியில் முதல் அணியின் லெஃப்ட் ஹாஃபுக்குத் தோள் எலும்பு முறிந்தது. இடம் காலி. கொப்பியில் அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் இவன். மற்றவன் மூன்றாம் அணியில் விளையாடிய ஒரு வெள்ளைக்காரன், குழாய் வேலை செய்கிறவன். நல்ல பலசாலி, ஓங்கி அடிப்பான். கையில் மட்டை இருக்கிறது என்பதைத் தவிர அவனுக்கு ஹொக்கியைப் பற்றி வேறொன்றும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை இருவரையும் பார்த்துவிட்டு முடிவு சொல் என்றார் பயிற்சியாளர்.

இங்கே அது நடுக்குளிர்காலம்; அந்தச் சனிக்கிழமை ரோயல் பார்க் மைதானத்தில் கணுக்கால் வரை சேறு. காற்று காதை அறுத்தது. காலையில் குழாய் வேலைக்காரனின் ஆட்டம். குறை சொல்லவும் ஒன்றுமில்லை, சொல்லிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. பிறகு இவனுடைய ஆட்டம் தொடங்கியது. அந்தச் சேற்றில் பந்தை மட்டையில் ஒட்டிவைத்தது போலக் கொண்டுபோனான். எதிராளியிடமிருந்து பதினாலு தடவை பந்தைப் பறித்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். என் முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் நானும் இப்படித்தான் விளையாடினேன், இப்படி விளையாடத்தான் ஆசைப்பட்டேன். பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குக் கீழே பொறாமையும் இருந்தது.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது தன் பக்கத்துக் கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குக் கிட்ட நின்று இரண்டு பேரை வெட்டிப் போகப் பார்த்தான். சேற்றில் பந்து நின்றுவிட்டது. எதிராளி எடுத்து அடித்துவிட்டான். கோல். அப்படியும் எங்கள் அணிதான் வென்றது.

நான் காருக்குள் போய் இருந்து கொப்பியை எடுத்தேன். விரல் விறைத்திருந்தது. பதினாலு தடவை பறித்ததை எழுதவில்லை. ‘பந்தைத் தேவைக்கு மேல் வைத்திருக்கிறான். அதனால் ஒரு கோல் போனது. பொறுக்கலாம்’ என்று எழுதினேன். எழுதும்போது குழுவில் இருந்தவரின் அந்தப் பகிடி காதில் கேட்டது. ‘தயார்’ என்று எழுதினால் ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றி என்ன மாதிரிப் பார்ப்பார்கள் என்றும் யோசித்தேன். குழாய் வேலைக்காரனின் பக்கத்தில் ‘தயார்’ என்று எழுதினேன்.

அன்றைக்கும் அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். கொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மரியாதை இல்லை என்று நினைக்கிற பிள்ளை. கை கழுவிவிட்டுத் துவாயை மடித்துக்கொண்டே, "அந்த ஒரு கோலு என் தப்புண்ணே" என்று மட்டும் சொன்னான்.

"அது பெரிய விசயமில்லை" என்றேன். கொப்பி கார் சீற்றில் கிடந்தது.

மறுநாள் பயிற்சியாளர், "உன் ஊர்க்காரன் எப்படி?" என்று கேட்டார்.

"அவன் என் ஊர்க்காரன் இல்லை" என்றேன். பிறகு, "இன்னும் ஒரு பருவம் பொறுக்கலாம்."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

அவர் பென்சிலால் காதைச் சொறிந்தார். பிறகு குழாய் வேலைக்காரனின் பெயரை எழுதினார். அப்போதும் ஒரு வார்த்தையில் மாற்றியிருக்கலாம். நான் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டேன்.

ஒரு தடவை எழுதினதைக் காப்பாற்ற அதையே திரும்பத் திரும்ப எழுதவேண்டி வந்தது. புரட்டாதி வரை ஒவ்வொரு வாரமும் அவன் பக்கத்தில் ‘பொறுக்கலாம்’தான். அவன் ஆட்டத்தில் குறை கண்டுபிடிப்பதற்காகவே சனிக்கிழமைகளில் எல்லைக்கோட்டோரம் நின்றேன். மனைவி ஒருநாள் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏன், அந்தப் பெடியன் சரியா விளையாடுறேல்லையோ?"

"விளையாடுறான்."

"பிறகேன் இப்பிடி எழுதியிருக்கிறியள்?"

"நாளைக்கு நான் எங்கட ஆக்களைத்தான் தூக்கி விடுறன் எண்டு கதைப்பாங்கள்."

அவள் கொப்பியை மூடி வைத்தாள். "கதைச்சா என்ன, உங்களைத் தூக்கிலயோ போடப் போறாங்கள்?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள்.

பருவ முடிவில் கழகத்தில் ஒரு விருந்து. பயிற்சியாளர் கையில் பியர் கிளாஸோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழாய் வேலைக்காரன் ஒன்பது ஆட்டம் விளையாடி எங்களை ஒன்பதிலும் சங்கடப்படுத்தியிருந்தான்.

"உன் மலேசியாக்காரனை நான் வைகாசியிலேயே எடுக்க நினைத்தேன். மட்டையில் அப்படிக் கை வேலை தெரிந்த ஆளை நான் இங்கே கண்டதில்லை. பிறகு இடம் காலியானபோது நீதான் வேண்டாம் என்றாய். உன் ஆட்களை உனக்குத்தானே தெரியும், உனக்கே நம்பிக்கை இல்லையென்றால் ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன்."

நான் கிளாஸை மேசையில் வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் யாரும் என்னைச் சந்தேகித்திருக்கவில்லை. பகிடி விட்டவர்கூட அதை அடுத்த நாளே மறந்திருப்பார். தலைவர் நாலு மேசை தள்ளி இருந்தார். எழுந்து போய், அவனுக்கு ஒரு கடிதம் கொடுங்கள், பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பார். நான் எழுந்திருக்கவில்லை.

தை மாதம் அவனை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டோம். நல்ல வெயில். மனைவி மிளகாய்த்தூள் போத்தலும் ஒரு கம்பளிச் சட்டையும் கொடுத்தாள். அந்த ஊர்ச் சூட்டில் கம்பளி எதற்கு என்று நான் எரிந்து விழுந்தேன். அவன் அதை வாங்கி மேலேயே போட்டுக்கொண்டு, "போய்ட்டு வர்றேன் அக்கா" என்றான். என் கையை இரண்டு கையாலும் பிடித்தான். காரில் திரும்பும்போது அவள் பின் சீற்றில் போய் இருந்தாள்.

எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ரப்பர் தாள்களுக்குப் புகை போடுகிற கட்டடத்தில் வேலை என்றும், இருமல் விடுவதில்லை என்றும், ஹொக்கி விளையாட மூச்சு வருவதில்லை என்றும் எழுதியிருந்தான். அதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, விவரமாகத்தான் சொல்லியிருந்தான். கடைசியில் இப்படி எழுதியிருந்தான்: "அண்ணே, எனக்காக நீங்க அந்த வெள்ளக்காரங்ககிட்ட எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லலைன்னாலும் தெரியும். அத நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்."

பதில் எழுத இரண்டு வாரம் எடுத்தது. முதல் தாளில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். இரண்டாம் தாளில், "அன்புள்ள தம்பி, என்னால் முடிந்த மட்டும் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் கேட்கவில்லை" என்று எழுதி, முத்திரை ஒட்டி, அலுவலகத்துக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டேன்.