வெர்னா ஹூடாக் சிரித்த சிரிப்பு

எங்கள் ஊரில் பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் மூக்கு யாருடையது, முழி யாருடையது என்று கேட்க மாட்டார்கள். எடை எத்தனை பவுண்டு என்றுதான் கேட்பார்கள். பென்சில்வேனியாவின் மேற்குப் பக்கம், மலைக்கு நடுவே சொருகி வைத்த ஊர். சுரங்கம் போனது, எஃகு ஆலை போனது. மல்யுத்தம் மட்டும் போகவில்லை.

பள்ளிக்கூடத்து மல்யுத்த அறையை இருபத்தாறு வருஷமாகத் துடைத்துக்கொண்டிருந்தவள் வெர்னா ஹூடாக். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். கல்யாணம் ஒன்று நடந்தது; நாலு வருஷத்தில் அந்த ஆள் ஓஹையோவில் வேலை என்று போனான், போனவன் போனவன்தான். “நல்லதாப் போச்சு, ஈர ஷூவோட வீட்டுக்குள்ள வர்ற மனுஷன்” என்பாள். ஷூ விஷயத்தில் அவள் அப்படித்தான். தெருவில் நடந்த ஷூவோடு ‘மேட்’ என்கிற மல்யுத்த விரிப்பில் கால் வைத்தால் அவளுக்குப் பத்திக்கொண்டு வரும். முகத்தைத் தேய்த்துப் புரளுகிற இடமல்லவா? ஒருத்தன் காலழுக்கு, பதினைந்து பேருக்குப் படர்தாமரை. பள்ளித் தலைமையாசிரியரையே ஒருமுறை வாசலில் நிறுத்தி, “கழட்டிட்டு வாங்க, இல்லைன்னா அங்கேயே நின்னு பேசுங்க” என்றவள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் கழற்றினார்.

அந்த அறைக்குப் பயிற்சியாளர் அவளுடைய அண்ணன் எமில். பூக்கோசு மாதிரி வீங்கிய மல்யுத்தக்காரக் காது, யாரிடமும் கடிந்து பேசாத வாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மத்தியானம், பள்ளிக்கூடத்து வண்டி நிறுத்துமிடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டான் கார்ல்டன் விட்மோர். பெயின்ட் கம்பெனி வாரிசு, ஐம்பத்தைந்து வயது, வாழ்க்கையில் ஒருத்தனையும் மேட்டில் சாய்த்தவனில்லை. மல்யுத்த அறைக்குப் புது மேட், புது விளக்கு, பையன்களுக்குப் போட்டிக்குப் போக பஸ், எல்லாம் அவன் கொடுத்தது. பதிலுக்கு அவன் கேட்டது ஒன்றே ஒன்று: எல்லாரும் தன்னை ‘கோச்’ என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டார்கள். திரும்பிப் போனதும் சிரித்தார்கள்.

எதற்காகச் சுட்டான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. புத்தி பேதலித்துவிட்டது என்று பத்திரிகையில் எழுதினார்கள். கோர்ட்டில் வெர்னாவைக் கேட்டபோது, “சண்டை எதுவும் நடக்கலை” என்று சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் முழுசும் இல்லை.

எமில் போன பிறகு அவருடைய மனைவி டாட்டி, வெர்னா வீட்டோடு வந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒரே தொலைக்காட்சியைப் பார்த்து, எதற்கெடுத்தாலும் முட்டிக்கொண்டு, ஒருத்தியை விட்டு ஒருத்தி இருக்க முடியாமல் வாழ்ந்தார்கள். கோர்ட்டில் சொல்லாமல் விட்டதை மட்டும் வெர்னா டாட்டியிடமும் சொன்னதே இல்லை. சொன்னால் அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள் என்ற பயம் ஒன்பது வருஷமாக அவளை விடவில்லை.

அப்புறம்தான் அந்தக் கொலையைப் படமாக எடுக்க வந்தார்கள். தவக்கால வெள்ளிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊரே மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டாட்டி தட்டோடு வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

“கேட்டியா சேதியை? விட்மோரா யார் நடிக்கிறான் தெரியுமா? டெல் ப்ராக்மன்!”

“எந்த டெல்?”

“அதான்டி, கோட்டு சூட்டோட நீச்சல்குளத்துல விழுவானே! நம்ம எமில் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பாரே!”

வெர்னா கடித்த பியரோகிக் கொழுக்கட்டையைத் தட்டில் போட்டாள். “கோமாளியா? என் அண்ணன் செத்தது அவங்களுக்குச் சிரிப்பா இருக்கா? அவன் மூஞ்சியைப் பார்த்தாலே கொட்டகையே சிரிக்கும்டி!”

“கத்தாதே. பாதிரியார் பார்க்கறாரு.”

“பார்க்கட்டும்!”

படப்பிடிப்பை அந்த மல்யுத்த அறையிலேயே வைத்தார்கள். தன் சாவிக்கொத்தை ஒரு சினிமாக்காரனிடம் கொடுப்பதற்கு வெர்னா ஒப்பவில்லை. தானே திறந்துவிட்டு, துடைப்பத்தோடு மூலையில் நின்றாள். டெல் ப்ராக்மன் வந்தான். ஒட்டவைத்த மூக்கு, நரைத்த விக். ஊர்க்காரர்கள் “ஒரு தடவை விழுந்து காட்டுங்க!” என்று கெஞ்சினார்கள். அவன் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு ஒதுங்கிப் போனான். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு வாரமும் அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அதுவே வெர்னாவுக்கு எரிச்சலாக இருந்தது. திட்டலாம் என்று காத்திருந்தவளுக்கு அவன் இடமே கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, மற்றவர்கள் வருவதற்கு முன் அவன் தனியாக வந்து ஒத்திகை பார்த்தான். வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு மேட்டில் ஏறி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். யாரோ மல்யுத்தக்காரர் சொல்லிக்கொடுத்த மரியாதை. வெர்னா பார்த்தாள். பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

“அவன் கழட்ட மாட்டான்” என்றாள்.

டெல் நின்றான். “என்ன சொன்னீங்க?”

“விட்மோர். தெருவுல போட்ட ஷூவோடதான் மேல வருவான். ஒரு நாளும் கழட்டினதில்லை.”

“நீங்க எல்லாரையும் வாசல்லயே நிறுத்துவீங்கன்னு சொன்னாங்களே.”

“நிறுத்துவேன்.”

“அவரை?”

வெர்னா துடைப்பத்தின் பிடியைத் திருகினாள். “மேட்டு அவன் வாங்கிக் குடுத்தது. அவன் நடந்தா நான் பின்னாடியே துடைச்சுக்கிட்டுப் போவேன். எல்லாரும் பார்த்துக்கிட்டு சும்மா இருந்தோம்.”

அவன் எதுவும் கேட்காமல் மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். கேள்வி கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்க மாட்டாள். கேட்காததால் வாய் திறந்துகொண்டது. ஜனவரியில் ஒரு மாலை, ஆறு பையன்களுக்குப் படர்தாமரை வந்திருந்தது. பக்கத்து மாவட்டப் போட்டியில் இறங்க விடாமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். எமில்தான் கடைசியில் கேட்டார், தன்மையாகத்தான் கேட்டார்: “கோச், பசங்களுக்காக அந்த ஷூவை மட்டும் கழட்டிடுங்களேன்.” விட்மோர் அப்படியே குனிந்தான். ஷூக் கயிற்று முடிச்சு அவிழவில்லை. தடுமாறினான். ஒற்றைக் காலில் இரண்டு குதி குதித்துப் பொத்தென்று உட்கார்ந்தான்.

“அப்போ ஒருத்தி சிரிச்சா” என்றாள் வெர்னா. “சத்தமா. அப்புறம்தான் பசங்க எல்லாம் சிரிச்சாங்க. பதினோரு நாள் கழிச்சு அவன் துப்பாக்கியோட வந்தான்.”

“ஒருத்தின்னா?”

“இந்த ரூம்ல வேற எந்தப் பொம்பளை இருந்தா?”

டெல் வாசலோரம் இருந்த தன் ஷூவை ஒரு தரம் பார்த்தான். பிறகு, “இதைப் படத்துல வைக்கலாமா? யார் முதல்ல சிரிச்சதுன்னு சொல்ல மாட்டேன். கூட்டமே சிரிச்ச மாதிரி வெச்சுக்கலாம்” என்றான்.

“என் பேர் வரக் கூடாது. டாட்டிக்குத் தெரியக் கூடாது.”

“வராது.”

வாக்குக் கொடுத்தபடியே செய்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் காட்சி. ஊர்க்காரர்களைச் சுவரோரம் நிறுத்தினார்கள். எமில் பெயர் சொல்லி எடுக்கிற படம் என்று டாட்டியும் வந்து, நல்ல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெர்னா பக்கத்திலேயே நின்றாள். எமிலாக நடித்தவன் அந்த வார்த்தைகளைச் சொன்னான். டெல் குனிந்தான்.

மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் ஜனங்கள் டெல் ப்ராக்மனைப் பார்த்துச் சிரித்தார்கள், நீச்சல்குளத்தில் விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற சந்தோஷச் சிரிப்பு. டைரக்டர் தலையில் கை வைத்தார்.

நாலாவது தடவை டெல் விழவில்லை. மெள்ள, மிக மெள்ள உட்கார்ந்தான். காது மட்டும் ரத்தமாகச் சிவந்தது. முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்து, சிரிக்கிறவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான். அன்றைக்கு வெர்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்ததில் விட்மோரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. இப்போதுதான் பார்க்கிறாள். கணக்குத் தெரியாத பிள்ளையைக் கரும்பலகை முன்னால் நிறுத்தினால் ஒரு முகம் வருமே, அந்த முகம். அவன் மேல் பரிதாபம் வந்ததே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது; வந்தது வந்ததுதான்.

தன்னை அறியாமல் துடைப்பத்தோடு மேட்டுக்குள் போய்விட்டாள்.

“ஷூ இருக்கட்டும், கோச்” என்றாள். “போட்டுக்குங்க. நான் துடைச்சுக்கறேன்.”

“கட்!” என்றார் டைரக்டர். உதவி டைரக்டர் ஒரு பெண், ஓடி வந்து பதமாகச் சொன்னாள்: “அம்மா, இது எல்லாரும் சிரிக்கிற இடம்.”

“தெரியும்மா. அன்னிக்கு முதல்ல சிரிச்சதே நான்தான்.”

வெர்னா திரும்பி டாட்டியைப் பார்த்தாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

“கேட்டியா டாட்டி? நான் சிரிச்சேன். அதனாலதான் அவன் பசங்க முன்னால தலைகுனிஞ்சான். அதனாலதான் எமில்...” நின்ற இடத்தையே துடைப்பத்தால் துடைக்க ஆரம்பித்தாள்.

டாட்டி நடந்து வந்தாள். மேட்டின் ஓரத்தில் நின்று, பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றினாள். கழற்றிவிட்டு உள்ளே வந்து வெர்னாவின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்டி” என்றாள். “எமில் சாப்பிடும்போது எழுந்து நின்னு, ஒத்தைக் கால்ல குதிச்சுக் காட்டினாரு. நீ எப்படிச் சிரிச்சேன்னும் சொன்னாரு. நான் சூப்பைத் துப்பிட்டேன், அவ்வளவு சிரிப்பு. இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்கன்னு கேட்டேன். அதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒன்பது வருஷமா எனக்குத் தெரியலை.”