அடுத்தவர் வீட்டு வாசலில் இறங்கியவள்

போன வருஷம் தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட நேரம். லாஸ்பேட்டையில் அரசு ஊழியர்கள் வீடு கட்டிக்கொண்டு இருக்கிற ஒரு அமைதியான தெருவில் நடந்தது இது. இன்றைக்கும் பஸ் அந்தத் தெருமுனையைத் தாண்டும்போது எனக்கு உள்ளங்கை சூடாகிவிடும்.

நாங்கள் இருப்பது உழவர்கரைப் பக்கம். குடிசையில் இருந்தவர்களுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடி வீடுகள். எங்களுக்கு அது ‘பிளாக்’. மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். மேலே ஏறுகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டார்கள். எட்டாவதோடு படிப்பு நின்றது. மிச்சப் படிப்பெல்லாம் இந்த மாடிப்படியில் படித்ததுதான்.

எங்கள் பிளாக்குக்குக் கெட்ட பெயர் உண்டு. என்றைக்கோ இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டது பேப்பரில் வந்தது. அடித்துக்கொண்டவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். பெயர் மட்டும் எங்களிடம் குடியிருக்கிறது. பார்சல் கொண்டுவருகிற பையன் மெயின் ரோட்டிலேயே நின்று போன் அடிப்பான். எங்கள் பிளாக்கில் மீன் விற்கிற அம்மா ஒருத்தர் இதைப் பற்றிச் சொல்வார்: “நம்ம பேரைக் கேட்டதும் மூக்கைப் பொத்துறானுங்கன்னா, கோளாறு அவனுங்க மூக்குலதான்டி இருக்கு. மீன் விக்கிறவ நானு, எனக்குத் தெரியாதா நாத்தம்?”

எங்களை மாதிரி குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்து, வாய்ப்பும் தேடித் தருகிற டிரஸ்ட் ஒன்று எங்கள் பிளாக்குக்கு வந்தது. கீழ்த்தளத்தில் ஓர் அறையில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். அடுத்த அறையில் ஓவன் வைத்து கேக், பிரெட் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல காரியம். அதை இப்போதும் சொல்வேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருத்தியையும் “கிளாசுக்குப் போடி” என்று துரத்தியவள் நான்தான்.

அப்படித் துரத்தினவர்களில் ஒருத்தி என் எதிர்வீட்டுப் பெண். திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே காணாமல் போய்விட்டான். ஆறாவது படிக்கிற மகளை வைத்துக்கொண்டு வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் செய்த முதல் கேக் நடுவில் குழி விழுந்து கிடந்தது. பிளாக் பிள்ளைகள் அதையும் நக்கித் தீர்த்தார்கள். போகப் போக, கையில் கிரீம் பையைப் பிடித்தால் கேக்மேல் பூ வேண்டுமா இலை வேண்டுமா என்று நாம் சொன்னால் போதும், அப்படி வந்தது. கடற்கரைப் பக்கத்து காபி கடைகளுக்கெல்லாம் கேக் அனுப்புகிற ஒரு பெரிய பேக்கரியின் சமையற்கூடத்தில் வேலை கிடைத்தது. “அக்கா, ஈ.எஸ்.ஐ. கார்டு குடுப்பாங்களாம்க்கா. பாப்பாவுக்குக் காய்ச்சல்னா தைரியமா போலாம்” என்று என் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வேலைக்கு வருகிற பெண்களைக் கம்பெனி வேன் காலையில் வீட்டு வாசலில் ஏற்றி, சாயங்காலம் வீட்டு வாசலில் இறக்கிவிடும். இவள் மட்டும் பஸ் பிடித்து வந்து சேருவாள். கேட்டதற்கு, “நம்ம ரோடு சரியில்லையாம்க்கா. லாஸ்பேட்டைல எறக்கி விட்டுடறாங்க” என்றாள். எங்கள் ரோட்டின் லட்சணம் எனக்குத் தெரியும். நம்பிவிட்டேன்.

அந்தச் சாயங்காலம் அவளிடமிருந்து போன். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. “அக்கா, லாஸ்பேட்டைக்கு வாக்கா. என்னைத் திருடின்றாங்க.”

தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை ஊசியோடு விட்டுவிட்டு ஆட்டோவில் ஓடினேன். காகிதப்பூக் கொடி படர்ந்த ஒரு கேட். அதற்கு முன்னால் சின்னக் கூட்டம். ரிட்டையர் ஆனவர் மாதிரி ஒரு பெரியவர் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டிபன் பாக்ஸ், மடித்த ஏப்ரான், மகளுக்காக எடுத்துவந்த கேக் ஓரத்துண்டுகள் எல்லாம் மதில்மேல் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போயிருந்ததாம். இவள் தினமும் சாயங்காலம் வந்து கேட்டின் கொண்டியில் கை வைப்பதை வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பெரியவர் கேட்டுக்குப் பின்னாலேயே காத்திருந்து பிடித்துவிட்டார்.

“எங்கம்மா வீடுன்னு கேட்டா முழிக்கிறா. பெறகு பிளாக்குன்றா” என்றார் அவர், என்னிடம் புகார் சொல்வதுபோல. கூட்டத்தில் ஒரு குரல்: “ஓ, அங்கேயா? அப்ப சரிதான்.”

அந்த ‘அப்ப சரிதான்’ இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

“இன்னா சார் சரி? எது சார் சரி?” என்று கத்தினேன். “நானும் அதே பிளாக்குதான். உங்க வீட்டம்மா போட்டிருக்கிற ஜாக்கெட்கூட எங்க பிளாக்குல தச்சதா இருக்கும். கழட்டிக் குடுத்துடுவீங்களா?”

“யம்மா, மரியாதையா பேசு. போலீசைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. கேக்கு ஓரத்தைத் திருடினான்னு எழுதிக் குடுங்க.”

அதற்குள் அந்தக் கம்பெனி வேனே திரும்பி வந்து நின்றது. மிச்சப் பெண்களை இறக்கிவிட்டு அதே வழியாகத் திரும்பும்போது தெருமுனையிலிருந்து கூட்டத்தைப் பார்த்திருக்கிறார் டிரைவர். அரியாங்குப்பத்துக்காரர், நடுவயசு. இறங்கி வந்து, “சார், நம்ம கம்பெனிப் பொண்ணு சார் இது. நான்தான் டெய்லி எறக்கி விடறேன்” என்றார். பெரியவர் பையைக் கீழே வைத்தார். மன்னிப்பா? அதெல்லாம் இல்லை. “மொதல்லயே சொல்லவேண்டியதுதானே” என்று உள்ளே போய் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

டிரைவர் அவளைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். “ஏம்மா, அப்ப இது உன் வீடு இல்லையா?”

அவள் மதில்மேல் கிடந்ததையெல்லாம் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு என் ஆட்டோவைப் பார்த்து நடந்தாள்.

ஆட்டோவில் வரும்போது எல்லாம் சொன்னாள். இன்டர்வியூவுக்குப் போவதற்கு முன்னால் டிரஸ்டில் ஒத்திகை வைப்பார்கள். ‘எங்கே தங்கியிருக்கீங்க’ என்று கேட்டால் பிளாக் பெயரைச் சொல்லக்கூடாது, ‘லாஸ்பேட்டை பக்கம்’ என்று சொல்லவேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். ஆதார் அட்டையில் இன்னும் பழைய குடிசை இருந்த இடம்தான் இருக்கிறது. அதில் பிளாக் பெயரே இல்லாததால் யாரும் கிளறவில்லை. வேலை கிடைத்த பிறகு, வேன் எங்கே வரவேண்டும் என்று கேட்டார்கள். சொன்ன பொய்க்கு ஒரு வீடு வேண்டுமே. பூ படர்ந்த அந்த கேட் அழகாக இருந்ததாம், கை காட்டிவிட்டாள். அன்று முதல் காலையில் இருட்டு பிரிவதற்குள் பஸ் ஏறி, அந்த கேட் முன்னால் போய் நிற்பாள். சாயங்காலம் இறங்கி, கொண்டியைத் திறப்பதுபோல் கை வைத்து, வேன் மறைகிறவரை காத்திருப்பாள். பிறகு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பாள். மழையில்கூட.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. அவளையும் இழுத்துக்கொண்டு டிரஸ்ட் ஆபீசுக்குப் போனேன். டவுனில் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டின் மாடியில் இருக்கிறது. நான் உள்ளே போனது அதுதான் முதல் தடவை. நுழைந்ததும் சுவர் முழுக்க ஒரு பெரிய படம். எங்கள் பிளாக்! கீழே பிளாக்கின் பெயர் பெரிய எழுத்தில், இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும். நிதி கொடுக்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பார்ப்பதற்காம். இரண்டாவது மாடிக் கொடியில் ஒரு பச்சை நைட்டி தொங்குகிறது. என்னுடையது.

டிரஸ்ட் மேடம் பொறுமையாகத்தான் பேசினார். “அக்கா, கோபப்படாதீங்க. போன பேட்ச்ல ஒரு பொண்ணு உண்மையைச் சொன்னா. ரொம்ப நல்லா செய்யற பொண்ணு. ‘சொல்லி அனுப்பறோம்’னு சொன்னாங்க, சொல்லியே அனுப்பல. அதே பேக்கரிதான். அதுக்கப்புறம்தான் இந்த சின்ன அட்ஜஸ்ட்மென்ட்.”

“சரி மேடம். இப்ப இவளுக்கு இன்னா வழி?”

“பேசாம வேலையை விட்டு நின்னுக்கட்டும். விஷயம் பெருசாகறதுக்குள்ள நாங்களே வேற எடத்துல சேத்து விடறோம். இந்தத் தடவை வேற ஏரியா சொல்லிக்கலாம்.”

அவர் அதைச் சொன்னது அன்பாகத்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“மேடம், நிதி வாங்கும்போது எங்க பிளாக் பேரு வேணும். வேலை வாங்கித் தரும்போது அந்தப் பேரு ஆகாதா?” என்று கேட்டேன். “என் நைட்டியை ஊரு உலகத்துக்கெல்லாம் காட்டறீங்க. இவ மூஞ்சிய மட்டும் இன்னொருத்தர் கேட்டுல மறைக்கச் சொல்றீங்க. அந்தப் பேக்கரிக்காரர்கிட்ட போயி ‘ஏன் சார் அந்தப் பொண்ணை எடுக்கல’ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? அதைக் கேக்கத்தானே மேடம் உங்களை நாங்க நம்பனது?”

மேடம் மேசைமேல் இருந்த பேப்பர்களை அடுக்க ஆரம்பித்தார். நான் இவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

படியிறங்கும்போது இவள் என் கையைப் பிடித்தாள். “அக்கா, எனக்கு வேற வேலை வேணாம்க்கா. கிரீம் வைக்கிற டேபிள்ல இப்பதான் நிக்க விட்டிருக்காங்க. இதான் வேணும்.” சொல்லிவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்து டிரைவருக்குப் போன் போட்டாள். “அண்ணே, அந்த வீட்டுக்கு வராதீங்க. என் வீடு பிளாக்குல இருக்கு. நாளைக்கு அங்கதான் நிப்பேன்.”

டிரைவர் குரல் எனக்கும் கேட்டது. அந்த மனிதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வேன் திருப்ப எடம் இருக்காம்மா?”

“இருக்குண்ணே. தண்ணி டேங்க் கிட்ட.”

“அப்ப சரி.”

முந்தின நாள் கேட்ட ‘அப்ப சரிதான்’னும் இதுவும் ஒன்றா?

தண்ணீர் டேங்க் பக்கம் எப்போதும் பைக்குகளாக நிற்கும். விடியற்காலையில் மீன்கார அம்மா கூடையோடு நின்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார். “டேய், வண்டிய எடுங்கடா! நம்ம பொண்ணுக்குக் கம்பெனி வேன் வருது. எடுக்கலன்னா மீன் தண்ணிய சீட்டுல ஊத்திடுவேன்.” எடுத்துவிட்டார்கள். வேன் உள்ளே வந்து, ஒரே வட்டத்தில் அழகாகத் திரும்பி நின்றது. அவள் ஏறினாள். நானும் ஏறிக்கொண்டேன்.

பேக்கரி மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துப் பேசினார். “அட்ரஸ் எங்களுக்கு ஒரு மேட்டரே இல்லம்மா. பொய் சொன்னதுதான் மேட்டரு.”

“மேட்டரே இல்லைன்னா, போன தடவை உண்மையைச் சொன்ன பொண்ணு எங்க சார்?” என்றேன். “அவளைக் காட்டுங்க, நாங்க இப்படியே போயிடறோம்.”

அவர் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து யாரோ வந்து கிறிஸ்துமஸ் ஆர்டர் பற்றி ஏதோ கேட்டார்கள். மணியைப் பார்த்துவிட்டு, “சரி சரி, போயி ஏப்ரான் போடு” என்றார் அவளிடம். அவ்வளவுதான். நியாயம் ஜெயித்தது என்று நான் எழுதமாட்டேன். கிரீம் வைக்கக் கை தேவைப்பட்டது, அதனால் பிழைத்தாள். அவர்கள் கூப்பிடாமலே விட்ட அந்தப் பெண் இன்னும் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

டிரஸ்டில் இப்போது ஒத்திகையின்போது பிளாக் பெயரைச் சொல்லவேண்டாம் என்று சொல்வதில்லையாம். சொல்லலாம் என்றும் சொல்வதில்லையாம். அந்தப் படம் சுவரில் அப்படியேதான் இருக்கிறது, என் பச்சை நைட்டியோடு.

அவள் மட்டும் தினமும் தண்ணீர் டேங்க் பக்கத்தில் இறங்குகிறாள். மகள் ஓடிவந்து டிபன் பையைப் பிடுங்குகிறது. டிரைவர் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவார். அந்தச் சத்தம் கேட்டால் பிளாக்கே சந்தோஷப்படும். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்துவிடுகிறது. ஒரு பெண் வேலை முடிந்து தன் வீட்டு வாசலில் இறங்குவதற்கு இத்தனை பேரிடம் சண்டை போடவேண்டியிருந்ததே என்கிற அந்தக் கோபம் ஆறாமலே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.