மதகுருமார் இருக்கையின் கீழ் ஒரு நாய்

நாய் பழக்குவதை நான் எங்கும் படிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு கொழும்பு முகத்துவாரத்தில் மீன் பெட்டி சுமந்தேன். கட்டாரில் ஒரு காவல் நிறுவனத்தின் நாய்க் கூடுகளை மூன்று வருடம் கழுவினேன். கழுவுகிற நேரத்தில், அங்கே நாய்களைப் பழக்கியவர் செய்வதையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டேன். சம்பளம் நின்றுபோய்த் திரும்பி வந்தபோது கைவசம் இருந்த தொழில் அது ஒன்றுதான். வெள்ளவத்தை மாடி வீட்டுக்காரர்களின் நாய்களைக் காலையில் நடத்திக் கொண்டுபோய், சொன்னால் இருக்கவும் சொன்னால் நிற்கவும் பழக்கினேன்.

அப்படித்தான் ஒரு பெண்ணின் வீட்டுக்கும் போனேன். நாற்பது வயதிருக்கும். பார்வை முழுதாகப் போய்ச் சில வருடங்கள். கொட்டாஞ்சேனையில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை. காலையில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் அவருடைய அண்ணன். அண்ணனுக்குக் கனடா விசா வந்திருந்தது. தங்கை ஒரு நாளாவது தனியாக வேலைக்குப் போய்ச் சேர்ந்தாலொழிய டிக்கெட் போடமாட்டேன் என்று இருந்தார். போகாமல் விட்டால் அவருடைய விசா வீண். போய்விட்டால் தங்கையின் வேலை வீண்.

"ரோட்டில வெள்ளைப் பிரம்போட சமாளிப்பன், அண்ணே. பஸ் வந்தா எந்தப் பஸ் எண்டு பக்கத்தில நிக்கிற ஆக்கள் சொல்லுவினம். கதவு எங்க நிக்குது எண்டு தேடுறதுக்குள்ள பஸ் போயிடும். அதை இவன் காட்டுவானோ?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார்.

இவன் என்றது, அவர்களுக்கு ரயில் பாதையோரம் கிடைத்த, ஒரு காது மடிந்த தெரு நாயை. வெளிநாடுகளில் இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல் நாய்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் உள்ளதைச் சொன்னேன்.

"மிஸ், பிரம்பை விடக்கூடாது. இவன் மூண்டு வேலைதான் பழகுவான். ரோட்டோரத்தில நிப்பான், பஸ் கதவைக் காட்டுவான், சீட்டுக்குக் கீழ சத்தமில்லாமல் படுப்பான்."

அதற்கே ஏழு மாதம் பிடித்தது. கட்டளைகள் ஆங்கிலத்தில். வீட்டில் எந்த மொழி பேசினாலும் கொழும்பில் நாயோடு எல்லோரும் ஆங்கிலம்தான். நானும் அப்படியே செய்தேன். ஒருமுறை ஓடும் பஸ்ஸில் நாய் அவசரமாக எழும்ப, யாரோ அதன் காலை மிதித்துவிட்டதால், பஸ் முழுதாக நிற்கும்வரை எழும்பக்கூடாது என்பதையும் சேர்த்துப் பழக்கினேன். நாயைப் பஸ்ஸில் ஏற்றலாமா என்று சட்டம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். ஆளுக்கொரு பதில். கடைசியில் அலுவலகத்து மேலாளரிடம் சிங்களத்தில் ஒரு கடிதம் வாங்கினோம். மற்றது கண்டக்டரின் மனம்.

நான் விட்ட பிழை வேறு. அவருக்கு வேலை இல்லாத நாட்களில், கூட்டம் குறைந்த பத்தரை மணிப் பஸ்களில்தான் பழக்கினோம். ஏறியவுடன் முன் இருக்கையில் உட்காருவோம். அங்கேதான் நாய் காலை நீட்டிப் படுக்க இடமுண்டு. இரண்டாவது இருக்கையின் கீழே சில்லு மேடு, சக்கரத்துக்காகத் தளம் உயர்ந்த இடம். முன் இருக்கை மதகுருமாருக்கு உரியது என்பது பஸ் ஏறும் பிள்ளைக்கும் தெரியும். வெறுமையாக இருந்தால் யாரும் உட்காரலாம். பிக்கு ஒருவர் ஏறினால் எழும்பிவிட வேண்டும். மனிதருக்கு அது தெரியும். நாய்க்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் தனியாகப் போகிற முதல் நாள், நான் பின்பக்கம் வாய் திறக்காமல் இருப்பது என்று பேச்சு. நாய் கதவைக் காட்டியது. கண்டக்டர் கடிதத்தைப் படித்து, "கடிச்சா நான் பொறுப்பில்லை" என்று சிங்களத்தில் சொல்லி ஏற்றினார். நாய் நேரே முன் இருக்கைக்குப் போய்ப் படுத்தது. பம்பலப்பிட்டியில் புத்தகப் பையோடு ஓர் இளம் பிக்கு ஏறினார்.

பஸ் புறப்பட்டுவிட்டது. பேச்சு அடங்கியதிலேயே அந்தப் பெண்ணுக்கு விளங்கியிருக்கும். எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாய் எழும்பவில்லை.

"அப்," என்று எழும்பச் சொன்னார். அது அசையவில்லை. "அப்!"

"பல்லாவ பஸ் எக்கே கெனியன்ன பே!" கண்டக்டர் கத்தினார். நாயைப் பஸ்ஸில் கொண்டுபோக ஏலாதாம். அடுத்த பஸ் ஹோல்டில் இரண்டு பேரும் இறங்க வேண்டுமாம். ஒரு அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார். நான் பாதி எழும்பிவிட்டேன். நான் போய் நாயை இழுத்தால் அன்றைய பயணம் தோல்வி. அண்ணனிடம் பொய் சொல்ல அவரால் முடியாது. திரும்ப உட்கார்ந்தேன்.

சந்தியில் சிவப்புக் கலர் லைட்டுக்குப் பஸ் நின்றது. நாய் உடனே எழும்பி, அவரை இரண்டாவது இருக்கைக்குக் கொண்டுபோய், சில்லு மேட்டில் சுருண்டு அவர் காலோடு ஒட்டிப் படுத்தது. அங்கே இருந்தவர் தானாகவே எழும்பி இடம் விட்டார்.

பிக்கு உட்கார்ந்து, திரும்பி நாயைப் பார்த்தார். "பஸ் நிக்கும்வரைக்கும் பொறுத்துத்தான் எழும்பினான்," என்று கண்டக்டரிடம் சிங்களத்தில் சொன்னார். "எங்கட ஆக்களுக்கும் இதைப் பழக்கினால் நல்லது."

"முதல்ல டிரைவரைப் பழக்குங்கோ, ஹாமுதுருவனே!" என்று பின்னால் நின்ற ஒருவர் பிக்குவிடம் சிங்களத்திலேயே சொன்னார். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும்தான். அதற்குப் பிறகு இறங்கச் சொல்லும் பேச்சே இல்லை.

கொட்டாஞ்சேனையில் இறங்கி, நடைபாதையில் நின்றபடியே அவர் அண்ணனுக்குப் போன் எடுத்தார். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

"ஓம், வந்திட்டன்... இல்லை, அவன் பிழை ஒண்டும் செய்யேல்லை. நான்தான் நடுங்கினனான்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அழாத. டிக்கெட்டைப் போடு."

பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நிக்கிறீங்களோ, அண்ணே? நிக்க வேண்டாம். போய்ச் சாப்பிடுங்கோ."

பிரம்பு முன்னால் தட்டிக்கொண்டு போனது, நாய் பக்கத்தில் போனது. அலுவலகக் கதவு திறந்து மூடியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.