அக்கரையில் எத்தனை பேர்

குடகனாற்றை ஆறு என்று சொன்னால் திண்டுக்கல்காரர்களே சிரிப்பார்கள். வருடத்தில் பத்து மாதம் மணலும் சீமைக்கருவேலமும்தான். மிச்ச நாட்களில் அது என்ன செய்யும் என்பது அக்கரையில் இருக்கும் அக்கா ஊருக்குத்தான் தெரியும்.

அந்த ஊருக்குக் குடும்பக் கணக்கெடுக்க, வாத்தியாரான என்னை அனுப்பினார்கள். ஊர்க்காரர்கள் ஆற்றின் மேல் பாலம் கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். அக்கரையில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். அக்காவுக்கு அந்தப் பாலம் உயிர்ப் பிரச்சினை. மாமாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குத் திண்டுக்கல் வந்தாக வேண்டும்.

அங்கே ஆள் எண்ணுவது கறிக்கூறை வைத்துத்தான். கோயிலில் கிடா வெட்டினால் குடும்பத்துக்கு ஒரு கூறு கறி. பத்து வருடமாகத் திருப்பூர் பனியன் கம்பெனியில் கிடப்பவனுக்கும் கூறு உண்டு, அண்ணன் தம்பி யாராவது வாங்கிக்கொள்வார்கள். அதனால் ஊர்க்காரர்கள் பூட்டிய வீடுகளின் முன்னால் நின்றும் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. எனக்கு விதி இருந்தது. ஆறு மாதமாக அங்கே குடியிருக்காதவர்களை எழுதக் கூடாது. மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டை விட்டுவிட்டேன்.

அக்கா வழிமறித்துக் கேட்டாள். “கூறு வாங்குறவுக ஊர்க்காரவுக இல்லையா தம்பி?”

வகுப்பில் சொல்வதுபோல விதியை விளக்கினேன். நேர்மையானவன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. இப்போது நினைத்தால் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆள் போதாது என்று மனு திரும்பி வந்தது.

ஐப்பசியில் ஆறு வந்தது. நான்கு நாள் யாராலும் இறங்க முடியவில்லை. மாமாவுக்கு முகமும் காலும் வீங்கிவிட்டன, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அக்கா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் இக்கரையில் படகு கேட்டு அலைந்தேன். இதோ வருகிறது என்றார்கள். ஐந்தாம் நாள் காலையில் மாமா போய்விட்டார். மதியத்துக்கு மேல் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது.

திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் எல்லோரும் வந்தார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். பூட்டிய வீடுகளெல்லாம் திறந்துவிட்டன. தெருவில் நிற்க இடமில்லை. குற்றவாளிபோல ஓரமாக நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் அக்கா அழுகையை நிறுத்தினாள்.

“அம்புட்டுப் பேரும் வந்துட்டாக,” என்றாள். “இப்ப எண்ணு தம்பி.”