கதவில் மூன்று தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்தது நடந்ததுதான். உலு திராம் பக்கம் மீன் உறையவைக்கும் தொழிற்சாலை ஒன்றில் செல்வராணி இன்றைக்கும் வேலை செய்கிறாள். இட்டுக்கட்டிச் சொல்ல அவளுக்குத் தெம்பு கிடையாது. அப்படி ஓர் அலுப்பு அவள் உடம்பில் ஊறிக் கிடக்கிறது.

அன்று சனிக்கிழமை. இரவு ஷிப்ட் முடிந்தும், ஆள் போதவில்லை என்று அவளை நிறுத்திவைத்துவிட்டார்கள். மத்தியானம் ஆனபோது கால் இரண்டும் யாருடையதோ போல இருந்தன. வெளியே மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது.

குளிர் அறைக்குள் ஒருவர் போனால் வெளியே ஒருவர் காவல் நிற்கவேண்டும். கதவு கனமானது, பேச்சுச் சத்தம் உள்ளே போகாது. அதனால் வெளியே நிற்பவர் கதவில் ஒரு தட்டு தட்டுவார். உள்ளே இருப்பவர் பதிலுக்கு இரண்டு தட்டு தட்டவேண்டும். 'நன்றாக இருக்கிறேன்' என்று அர்த்தம்.

அன்று உள்ளே போகவேண்டியவள் பிரேமலா. செல்வராணியோடு ஒரே மேசையில் நின்று கணவாய் கழுவுகிறவள். வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை.

"அக்கா, அந்தப் பெரிசு இன்னும் உள்ளதான் இருக்கா?"

"திங்கக்கிழமைதான் யூனிவர்சிட்டி ஆளுங்க வந்து எடுப்பாங்களாம்."

"ஐயோ, அலமாக். அது என்னையே பாக்குது லா."

"உன்ன பாத்து அது என்ன பண்ணப் போகுது, கல்யாணமா? சீக்கிரம் போய்ட்டு வா. எனக்குக் கால் கடுக்குது."

பெரிசு என்றால் அதுவும் கணவாய்தான். ஆனால் அவர்கள் தினமும் கழுவுவது ஒரு சாண் நீளம். இது லாரியின் நீளம். ஏதோ தூரத்துக் கடலின் ஆழத்தில் வலையில் சிக்கி, உறைந்த மீன்களோடு வந்து சேர்ந்தது. கைகளை மடித்து, மேலே கித்தான் போர்த்திவைத்திருந்தார்கள். கித்தானுக்கு வெளியே ஒரு கண் மட்டும் தெரியும். சாப்பாட்டுத் தட்டு அளவு. வெயிலே எட்டாத இருட்டில் பார்க்கப் படைத்த கண்.

பிரேமலா உள்ளே போனாள். கதவு மூடியது.

மணி மூன்று பத்து. செல்வராணி தட்டினாள். டக்.

உள்ளிருந்து பதில் வந்தது. டக் டக்.

சுவரில் சாய்ந்தாள். நின்றபடியே கண் சொருகிவிட்டது. எவ்வளவு நேரமோ தெரியாது. மூக்குக்குள் சுரீரென்று எரிந்ததும் திடுக்கிட்டு விழித்தாள்.

அமோனியா.

குளிர் அறைக்குக் குளிரைத் தருவதே அந்த வாயுதான். குழாய் கசிந்தால் மூச்சு அடைத்துவிடும். வாடை வந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்து, ஓடு. முதல் நாளே இதைத்தான் சொல்லித்தருவார்கள். ஆனால் அந்த மாதம் அவள் இரண்டு தடவை அழுத்தி, இரண்டு தடவையும் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. சூப்பர்வைசர் ஹேமநாதன் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

"இன்னொரு வாட்டி சும்மா அழுத்துனீங்கன்னா, வீட்லயே இருந்துக்கலாம்."

வீட்டில் கணவன் படுத்த படுக்கை. இந்த வேலை போனால் அடுப்பு எரியாது.

முதலில் பிரேமலாவை வெளியே கூப்பிடுவோம் என்று நினைத்தாள்.

டக்.

தொப்... தொப் தொப்.

மூன்று. அது கையால் தட்டிய சத்தமில்லை. மெத்தென்று இருந்தது. ஈரமாக...

"பிரேமா, வெளயாடாத. வெளிய வா."

டக்.

தொப்... தொப் தொப்.

கைப்பிடியை இழுத்தாள். கதவு வரவில்லை. மூடிய புதிதில் அந்தக் கதவு உறிஞ்சிப் பிடிக்கும், சற்று நேரத்தில் தானே விட்டுவிடும். அன்று விடவில்லை. இழுக்க இழுக்க, உள்ளேயும் யாரோ இழுத்தார்கள்.

கையை எடுத்தாள்.

இப்போது அவள் தட்டவே இல்லை.

தொப்... தொப் தொப்.

வேலை போனால் போகட்டும். பிரேமலா உள்ளே இருக்கிறாள்.

பொத்தானை அழுத்தினாள்.

சங்கு அலறியது. எல்லாரும் வாசல் கொட்டகைக்கு ஓடி வந்தார்கள். தலை எண்ணினார்கள். ஒருவரும் குறையவில்லை. பிரேமலா அவள் பக்கத்திலேயே நின்றாள், கையில் புதுக் கையுறையோடு.

"நீ... எப்ப வெளிய வந்த?"

"கிளவுஸ் கிழிஞ்சிருச்சுக்கா. உங்களுக்கு ரெண்டு தட்டு தட்டிட்டு, பின்னால லாரி ஏத்துற கதவு வழியா அப்பவே வந்துட்டேன். ஸ்டோர்ல தேடிட்டு இருந்தேன். ஏன் இப்படி வெளுத்துப் போய்ட்டீங்க?"

"அப்ப உள்ள யாரு?"

"யாரும் இல்ல."

ஹேமநாதன் முகமூடி மாட்டிக்கொண்டு கருவியோடு போய்ப் பார்த்தார். கசிவே இல்லை. "வாங்க, நீங்களே பாருங்க," என்று செல்வராணியைக் கூட்டிப்போனார். ஒரு விரலால் இழுத்ததுமே கதவு திறந்தது. வாடை இல்லை. கித்தான் கலையவில்லை. கண் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

திட்டுவதற்குத் திரும்பியவர், கதவின் உட்பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

கதவில் படிந்திருந்த வெண்பனியில் வட்டங்கள். புட்டி மூடி அளவு. மேலிருந்து தரைவரை, வரிசை வரிசையாக. ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பும் பல் பல்லாக, சின்ன ரம்பம் பதிந்ததுபோல.

செல்வராணி பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. திங்கக்கிழம வேலைக்கு வாங்க."

பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுடுநீர்க் குழாயைத் தானே இழுத்துவந்து அந்தக் கதவைக் கழுவினார்.

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களில் யோகேஸ்வரி என்ற பெண் தமிழில் பேசினாள். செல்வராணி தயங்கித் தயங்கி வாடையைப் பற்றிக் கேட்டாள்.

"அதோட சதையிலேயே அமோனியா இருக்கும்கா. அதுதான் அத மெதக்க வெக்குது. ஆனா இப்படிக் கல்லா ஒறஞ்சிருந்தா வாடை வராதே."

செல்வராணி மேசையில் மெல்லத் தட்டிக்காட்டினாள். ஒன்று... பிறகு இரண்டு.

"இப்படி ஒரு சத்தம் வருமா மா?"

யோகேஸ்வரி சிரித்தாள். "நெஞ்சு அடிக்கிற மாரி இருக்கே. அதுக்கு மூணு இதயம் தெரியுமா? ரெண்டு செவுளுக்கு, ஒண்ணு ஒடம்புக்கு." கித்தானைத் தூக்கி, கீறிய வயிற்றைக் காட்டினாள். "ஆனா இதுல ஒண்ணுகூட இல்லக்கா. கப்பல்லயே உள்ள இருந்தத எல்லாம் வழிச்சுக் கடல்ல வீசிட்டாங்க."

பெரிசு லாரியில் ஏறிப் போய்விட்டது.

செல்வராணி இப்போதும் அதே கதவுக்கு வெளியேதான் நிற்கிறாள். ஒரு தட்டு தட்டுவாள். உள்ளிருந்து பிரேமலாவின் இரண்டு தட்டு வரும். உடனே சுவரில் சாய்வதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதவில் காதை வைத்து நிற்பாள்.

பிரேமலா அதைக் கேலி செய்வதில்லை. இரண்டு தட்டு தட்டிவிட்டு, உள்ளே அவளும் அப்படித்தான் நிற்கிறாள்... கதவுக்கு முதுகைக் காட்டி, அறைப் பக்கம் காதைக் கொடுத்து.